டாக்டரின் அந்த ஐந்து வருஷம்

"இந்த சர்டிபிகேட் ரொம்ப அழகா இருக்கு சார்," என்றாள் ஆமினா. "அதுதான் எனக்குப் பிடிக்கல."

பத்மநாபன் செல்போனில் இருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உளவியலில் முனைவர் பட்டம். பெயர் அபிநவ். முத்திரை, கையெழுத்து, தங்க நிறக் கரை எல்லாம் இருந்தன. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

லேக் மார்க்கெட்டில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே பத்மநாபனின் ஆபீஸ். கீழிருந்து வாசனை மேலே வரும், மேலிருந்து வாடகை கீழே போகும். கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகா மதிப்பீட்டாளராகப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், மனிதர்களைத் திறந்து பார்ப்பதில் வருமானம் குறைந்தாலும் சுவாரஸ்யம் கூடும் என்று துப்பறிய வந்துவிட்டார். ஆமினா அவருடைய உதவியாளர். பூர்வீகம் காயல்பட்டினம், பிறந்து வளர்ந்தது கல்கத்தா. படா பஜாரில் அவள் வாப்பாவுக்குக் குடைக்கடை. வெயில் காலத்திலும் குடை விற்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு எதிரே நிற்பவரின் முகம்தான் முதல் பாடம்.

இப்போது எதிரே நின்ற முகத்தில் தூக்கமில்லை. ஜெயலக்ஷ்மி, ஒரு பேங்கின் கிளை மேனேஜர்.

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

"அப்பாவுக்கு மறதி. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ்ல பெரிய உத்தியோகம் பார்த்தவர். இப்ப கேஸை அணைக்காம விட்டுடறார். வீடு பூரா துண்டுச் சீட்டா எழுதி ஒட்டி வச்சிருக்கார். போன மாசம் இந்த அபிநவைக் கூட்டிண்டு வந்தேன். முதியோரோட ஞாபகசக்தியைப் பத்தி இந்த ஊர்லயே அஞ்சு வருஷம் ஆராய்ச்சி பண்ணினவர்னு சொன்னா. அவர் டெஸ்ட் வச்சுப் பார்த்துட்டு, இனிமே அப்பா வீட்டுல இருக்கறது ஆபத்து, சாந்த்ராகாச்சில ஒரு ஹோம் இருக்கு, அங்கே சேர்த்துடுங்கோன்னார். நாளைக்குக் காலம்பற வண்டி வரது."

"சாந்த்ராகாச்சியா? ரயில் யார்டு பக்கம்."

"ரயில்வேக்காரருக்கு ரயில் சத்தம் ஆறுதலா இருக்கும்னார்."

ஆமினா மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா மழையில நனைஞ்ச ஆளுக்கு ஓட்டைக் குடையை இப்படித்தான் விப்பாரு. காத்து வரும்னு."

ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை. "அம்மா என்னோட ஃப்ளாட்டுக்கு வந்துடுவா. எனக்கு ரெண்டு பேரையும் வச்சுக்க இடமில்லை, பகல்ல பார்த்துக்க ஆளுமில்லை. நேத்து அப்பாவோட ஸ்வெட்டரை மடிச்சு வைக்கறப்போதான் தோணித்து. லோன் கேட்டு வரவாளோட பூர்வோத்தரத்தையெல்லாம் விசாரிக்கறேன், அப்பாவை யார் பேச்சைக் கேட்டு அனுப்பறேன்னு விசாரிக்கவே இல்லையேன்னு."

"யூனிவர்சிட்டில கேட்டீங்களா?"

"எழுதிப் போட்டா மூணு வாரம் ஆகுமாம். ஆராய்ச்சி புஸ்தகத்தைக் காட்டுங்கோன்னா, அச்சுல இருக்குங்கறார்."

"டெஸ்ட்ல அப்பா என்ன பதில் சொன்னார்?"

"அது ரகசியம்னுட்டார். மார்க்கை மட்டும் சொன்னார்."

பத்மநாபன் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டார். "பில்லைப் பார்த்து நேரமாக்க வேண்டாம். சரக்கையே பார்த்துடுவோம். ஆமினா, நீ இன்னிக்கு மேல் படிப்பு படிக்க ஆசைப்படற பொண்ணு."

"எங்க உம்மா கேட்டா சந்தோஷத்துல அழுதுடும் சார்."

கீழே இறங்கியதும் பத்மநாபன் மார்க்கெட் வாசலில் நின்று ஒரு பை இலந்தைப் பழம் வாங்கினார். பொங்கல் கழிந்த வாரம், எங்கே பார்த்தாலும் இலந்தை குவிந்து கிடந்தது. வங்காளிகள் குல் என்பார்கள். பழக்காரன் சொன்ன விலையை ஆமினா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் விலையைச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். பழக்காரன் கூப்பிட்டுக் கொடுத்தான்.

"இது எதுக்கு சார்?"

"டாக்டருக்கு. வெறுங்கையோட போகக்கூடாது."

ஆமினா பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது. "நீங்க நல்லவர்னு இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன்."

கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் டாக்டர் அபிநவின் அறை. நீல விளக்கு, மூங்கில் செடி, சுவரில் மூளையின் படம். ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தக் குரலுக்கே தனியாகக் கட்டணம் போடலாம்.

"என் ஆபீஸ் பொண்ணு சார்," என்றார் பத்மநாபன். "சைக்காலஜி ஆராய்ச்சி பண்ணணுங்கறா. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இங்கேயே படிச்சு முடிச்சிருக்கார்னு கேள்விப்பட்டோம். உங்க வாயால ரெண்டு வார்த்தை சொன்னா தைரியம் வரும்."

தன்னைப் பற்றிப் பேசு என்று கேட்டால் மறுக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எம்.ஏ. முடித்து இங்கே வந்தது, ஹாஸ்டலில் மீன் குழம்பு வாடைக்குப் பழகியது, காலேஜ் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகள், டிராமில் ஜன்னலோரம், பேராசிரியர் தன்னை மகனைப் போலப் பார்த்துக்கொண்டது. ஐந்து வருஷமும் வரிசையாக வந்தன.

"டிராம்ல எந்த ரூட் சார்?" என்றாள் ஆமினா.

"எல்லா ரூட்டும்தான்மா."

"ஓ. சுத்திட்டே இருந்திருக்கீங்க."

பத்மநாபன் பையைத் திறந்து மேஜை மேல் வைத்தார். "குல். இன்னிக்குத்தான் நல்லதா கிடைச்சுது."

"அடடே, இலந்தை." டாக்டர் இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். "ஹாஸ்டல்ல இந்த மாசம் முழுக்க இதுதான். கூடப் படிச்ச வங்காளிப் பசங்களும் நானும் கட்டில் மேல கொட்டி வச்சுத் தின்போம். நீ சாப்பிடும்மா. படிக்கப் போற பொண்ணு."

ஆமினா ஒரு பழத்தை எடுத்து விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தாள். வாயருகே கொண்டுபோகவில்லை.

"ஞாபக மறதிதானே உங்க ஆராய்ச்சி?" என்றார் பத்மநாபன். "வயசாயிடுத்துன்னா எப்படி சார் கண்டுபிடிப்பீங்க, இது சாதாரண மறதி, இது வியாதின்னு?"

"கேள்விகள்தான் சார். சின்னச் சின்னக் கேள்விகள்." டாக்டர் கொட்டையைக் காகிதத்தில் துப்பினார். "பேர் சொல்ல மாட்டேன், என்கிட்ட ஒரு பெரியவர் வரார். பெரிய உத்தியோகத்துல இருந்தவர். வருஷத்துல வர பண்டிகையை வரிசையாச் சொல்லுங்கோன்னேன். சரஸ்வதி பூஜையைக் கொண்டுபோய் பொங்கலுக்கு அப்புறம் வைக்கறார். நவராத்திரிலன்னா வரும்னு எடுத்துக் குடுத்தேன். இல்லைன்னு அடிச்சுச் சொல்றார். அரை நூற்றாண்டு இந்த ஊர்ல இருந்த மனுஷன். பாவமா இருந்தது."

ஆமினாவுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பத்மநாபன் விடைபெற்று இறங்கியபோது அவள் தெருமுனையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நடைபாதை முழுக்க சரஸ்வதி பொம்மைகள். களிமண் காயாதவை, வெள்ளை மட்டும் அடித்தவை, தலையில்லாத அன்னத்தின் மேல் வீணையோடு காத்திருப்பவை.

"இதைத் தாண்டித்தான் சார் அந்த ஆள் தினமும் மாடி ஏறுறான்."

"காரை நேரா வாசல்ல நிறுத்தறான் போல."

"நம்ம ஊர்லதான் நவராத்திரியோட சேர்த்து சரஸ்வதி பூஜை. இந்த ஊர்ல அது தை மாசம், தனிப் பண்டிகை. ஸ்கூல், காலேஜ், ஹாஸ்டல், ஒரு இடம் பாக்கியில்லாம. மஞ்சள் புடவை கட்டாத பொண்ணு இருக்காது. நான் பூஜையே பண்ணாத வீடு. ஆனா பூஜைக்கு முன்னாடி குல் தின்னா ஃபெயிலாயிடுவோம்னு கிளாஸ்ல என் கையிலேர்ந்து புடுங்கி எறிவாளுக. இவன் கட்டில் மேல கொட்டித் தின்னானாம், வங்காளிப் பசங்களோட."

"குல்லை மட்டும் வச்சு நான் கேஸ் எழுத மாட்டேன். நம்பிக்கை இல்லாத ஹாஸ்டல்னு சொல்லித் தப்பிச்சுடுவான். ஆனா அஞ்சு வருஷம் ஒரு யூனிவர்சிட்டில படிச்சவன் அஞ்சு தை மாசத்தைப் பார்த்திருக்கணும். இவன் இந்த ஊர்ல ஒரு தை மாசம்கூட முழுசா இருந்ததில்லை." பத்மநாபன் திரும்பி மாடியைப் பார்த்தார். "சரியாச் சொன்ன விடைக்கு சைபர் போட்டு ஒரு மனுஷனை சாந்த்ராகாச்சிக்கு அனுப்பப் பார்க்கறான். வா."

இரண்டாவது முறை மாடி ஏறியபோது பத்மநாபன் உட்காரவில்லை. தான் யார் என்று சொன்னார், ஜெயலக்ஷ்மியின் பெயரைச் சொன்னார், ஜன்னல் திரையை விலக்கித் தெருமுனையைக் காட்டினார்.

டாக்டர் அபிநவ் பொம்மைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மாறிவிட்டது. தாழ்த்திப் பேசியதெல்லாம் போய் சேலத்து வெயில் தெரிந்தது.

"பி.ஏ. சைக்காலஜி நெஜம் சார். எம்.ஏ. தபால்ல சேர்ந்து பாதில விட்டுட்டேன்."

"அப்ப அந்த அஞ்சு வருஷம்?"

"மருந்துக் கம்பெனில ரெப்பா இருந்தேன். மனநல டாக்டருங்க ரூம் வாசல்ல உக்காந்து உக்காந்து, உள்ள என்ன கேப்பாங்க, என்ன சொல்லுவாங்கன்னு மனப்பாடம் ஆயிடுச்சு. தீபாவளிக்கு அப்புறம்தான் இங்க வந்தேன்."

"படிப்பு அஞ்சு வருஷம்தான்," என்றாள் ஆமினா. "வாசலுக்கு இந்தப் பக்கம்."

"ஹோம்காரன் ஆள் சேர்த்துவிட்டா ஏதோ குடுப்பான். போலீசுக்குப் போகாதீங்க சார்."

"அதை ஜெயலக்ஷ்மி அம்மா தீர்மானிப்பாங்க. முதல்ல ஹோமுக்குப் போன் போட்டு நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லு."

சொன்னார். போனை வைத்தவர் வாசல்வரை கூடவே வந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா சார்? நான் போலிதான். ஆனா அந்தப் பெரியவர் எல்லாத்தையும் தப்பாத்தான் சொன்னாரு. கிழமை கேட்டேன், ஒரு நாள் தள்ளிச் சொன்னாரு. மாசம் கேட்டேன், ஒரு மாசம் தள்ளி. வருஷமும் அப்படியே, ஒண்ணு தள்ளி. அந்தப் பூஜை ஒண்ணுலதான் பிடிவாதமா நின்னாரு."

பத்மநாபன் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

டாக்ஸி ராஷ்பிஹாரி அவென்யூவில் ஊர்ந்துகொண்டிருந்தது. பத்மநாபனின் முகம் கேஸ் முடிந்துபோன மனிதனின் முகமாக இல்லை.

"என்ன சார்? ஜெயிச்சாச்சு. சமோசா மாதிரி சூடா ரெண்டு சிங்காடா வாங்கித் தந்திருக்கணும் நீங்க."

"துறைமுகத்துல ஒரு வியாபாரி. துணி அளவை எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவான். ஆனா எப்பக் குறைச்சாலும் ஒரே அளவு குறையும். தெரியாதவன் கண்டபடி தப்புப் பண்ணுவான் ஆமினா. ஒரே அளவாத் தப்பறவன் சரியான கணக்கைக் கையில வச்சுண்டிருக்கான்."

"பெரியவர் வேணும்னே ஃபெயிலாயிருக்காருன்னா?"

"ஏன் ஆனார்னு தெரியல. அதுதான் பயமா இருக்கு."

லேக் ரோடில் பெற்றோரின் வீட்டில் ஜெயலக்ஷ்மி அப்பாவின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் நின்று எந்த மப்ளர் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், எழுபத்தைந்து தாண்டிய வயது, நிலைப்படிக்குக் குனிந்து பழகிய முதுகு. பத்மநாபன் விஷயத்தைச் சொன்னதும் ஜெயலக்ஷ்மி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, கேட்டேளா? அவன் டாக்டரே இல்லையாம். நீங்க எங்கேயும் போக வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். நல்ல டாக்டரா பார்த்து, உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே எல்லா டெஸ்ட்டும் பண்ணிடலாம்."

விடுதலை கிடைத்த மனிதன் நிமிர வேண்டும். அனந்தகிருஷ்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு எதுக்கு? அவளுக்கு ஒண்ணுமில்லை. நான் ஹோமுக்கே போறேன் ஜெயா. பெட்டியும் கட்டியாச்சு."

"என்னப்பா பேசறேள்?"

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து காமு வந்தாள். அனந்தகிருஷ்ணனின் மனைவி, அவருடைய மார்பளவுதான் இருப்பாள். மஞ்சள் புடவை, தட்டில் டபரா டம்ளர்கள், முகம் நிறையச் சிரிப்பு. கூடவே ஆமினா. உதவிக்கு என்று உள்ளே போனவளின் முகத்தில் கேலி இல்லை.

"காப்பி சாப்டுங்கோ. பொண்ணே, உன் பேர் என்ன சொன்னே?"

"ஆமினா மாமி," என்றாள் அவள். இதற்கு முன்பும் அதே பதமான குரலில் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

ஜெயலக்ஷ்மி கையை ஆட்டினாள். "எனக்கு வேண்டாம்மா. அசிடிட்டி. காப்பியை விட்டு வருஷக்கணக்காச்சு."

அவள் மொட்டை மாடியில் காயும் அப்பாவின் துணிகளை எடுக்கப் போனாள். காமு உள்ளே போனாள். பத்மநாபன் ஒரு வாய் குடித்தார்.

உப்பு. சர்க்கரை போடுகிற தாராளத்தோடு போட்ட உப்பு.

எதிரே அனந்தகிருஷ்ணன் தன் டம்ளரை நிதானமாக, பாதிவரை குடித்தார். உள்பக்கம் பார்த்து, "பேஷா இருக்கு காமு," என்றார்.

ஆமினா குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உள்ள டப்பா டப்பாவா சீட்டு ஒட்டியிருக்கு சார். உப்பு, சர்க்கரை, கேஸ் அணைச்சாச்சா. எல்லாம் என் தோளுக்குக் கீழ. ஆறடி மனுஷர் தனக்காக ஒட்டிக்கிட்டா அவ்வளவு தாழவா ஒட்டுவாரு?"

"சீட்டு ஒட்டினா என்ன, இன்னிக்கு அவ அதைப் பார்க்க மறந்துட்டா," என்றார் அனந்தகிருஷ்ணன். காது நன்றாகவே கேட்டது. "கேஸை அணைக்காம விட்டதும் அவதான். நான்னு சொன்னேன். நீங்க சுங்க இலாகால இருந்தவராமே. எத்தனையோ பெட்டியைத் திறக்காமலே விட்டிருப்பேள். இதையும் விட்டுடுங்கோ."

"நீங்க போயிட்டா?"

"யாரோ ஒருத்தர் ஹோமுக்குப் போகணும்னா நான் போறேன். எனக்கு யார்டு சத்தம் பழக்கம். அவ பொண்ணோட வீட்டுல இருப்பா. தெரிஞ்சுபோச்சுன்னா அவளைன்னா அனுப்புவா."

"எல்லாத்தையும் தப்பாச் சொன்னவர், பூஜையை மட்டும் ஏன் சார் சரியாச் சொன்னீங்க?" என்றாள் ஆமினா.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் பக்கத்தாத்து வங்காளிப் பொண்கள் அவளுக்கு மஞ்சள் புடவை கட்டி பூஜைக்கு அழைச்சுண்டு போனா. அதுலேர்ந்து வருஷா வருஷம் பூஜைக்கு நான் ஒண்ணு வாங்கறது. இந்த வருஷம் முன்னாடியே குடுத்துட்டேன், இங்கே இருப்பேனோ இல்லையோன்னு. அதை மாத்திச் சொல்ல வாய் வரலை."

பத்மநாபன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "சார், ஜெயலக்ஷ்மி காலம்பற பேங்குக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவா. அந்த வீட்டு டப்பாவுக்கு யார் சீட்டு ஒட்டறது? அந்த வீட்டு கேஸுக்கு யார் 'நான்தான்'னு சொல்றது?"

மாடிப்படியில் ஜெயலக்ஷ்மி இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"பூஜை முடியறவரைக்கும் அவகாசம் குடுங்கோ."

"தர முடியாது."

"நாளைக்கு."

"இன்னிக்கு. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். ஆனா நீங்க சொன்னா, இடமில்லைன்னு அவ வாயெடுக்கறதுக்குள்ள ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுக்கிற வழியை அவளோட உட்கார்ந்து நான் பேசறேன். ஆமினா பேரம் பேசுவா. தோத்ததே இல்லை."

"வாப்பாகிட்ட மட்டும்தான் சார்," என்றாள் ஆமினா.

ஜெயலக்ஷ்மி மடித்த துணிகளோடு உள்ளே வந்தாள். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

அனந்தகிருஷ்ணன் தன் டம்ளரை எடுத்தார். மீதிக் காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்து மகளிடம் நீட்டினார்.

"இதை ஒரு வாய் குடிச்சுப் பாரு ஜெயா."

"அப்பா, எனக்குத்தான் காப்பி ஒத்துக்காதே."

"ஒரு வாய்."

குடித்தாள். கண்கள் சுருங்கின. டம்ளரைப் பார்த்தாள். காலியாகும்வரை அப்பா குடித்திருக்கும் எத்தனையோ டம்ளர்களை அதற்குள் பார்த்தவள் மாதிரி நின்றாள். பிறகு கட்டிவைத்த பெட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த துணிகள் நழுவி விழுந்தன.

சமையலறை வாசலில் காமு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மகள் கையில் டம்ளரைக் கண்டதும் முகம் பூரித்தது.

"அட, நீகூடக் குடிக்கிறயா? சர்க்கரை போறுமாடி?"

ஜெயலக்ஷ்மி இன்னொரு வாய் குடித்து விழுங்கினாள்.

"போறும்மா," என்றாள்.